தனியாக இருக்கும் பெற்றோரின் அன்றாட நடமாட்டத்தை வீட்டுச் சென்சார் வைத்துக் கவனிப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்க, அம்மாவோ அப்பாவோ தனியாக ஊரில் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. போனில் கேட்டால் "எனக்கென்ன மக்களே, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பக்கவாதம் வந்து தேறியவர், மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர், இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் என யாராக இருந்தாலும், சின்னச் சின்ன வேலைகளில் தளர்ச்சி எப்போது தொடங்கியது என்று அந்தப் பதிலில் தெரியாது. தினக் குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குத் தள்ளிப்போகும். ராத்திரி எழும்புவது கூடும். கேமரா வைக்காமலே இவற்றைக் கவனிக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எதைக் கவனிக்கப் போகிறோம்?

மருத்துவத்தில் இதற்கென்றே பட்டியல்கள் உண்டு. 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்ட பட்டியலில் ஆறு செயல்கள்: குளிப்பது, உடுப்பது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழும்பி நகர்வது, மலசலத்தை அடக்க முடிவது, சாப்பிடுவது. 1969இல் லாட்டன், புரோடி என்ற ஆய்வாளர்கள் அடுத்த நிலையைச் சேர்த்தார்கள்: சமையல், துணி துவைப்பு, மருந்தைத் தானே எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது போன்ற எட்டு.

சென்சார் இவற்றில் எதையும் நேராகப் பார்ப்பதில்லை. பிரிட்ஜ் கதவு திறந்தது தெரியும். சாப்பிட்டாரா என்பது தெரியாது. உடுத்துவதை இந்த எளிய சென்சார்களால் அறியவே முடியாது. ஆகவே ஒருவரின் நேற்றைய வழக்கத்தோடு இன்றைய வழக்கத்தை ஒப்பிடுவது மட்டும்தான் நம் வேலை. பக்கத்து வீட்டுப் பாட்டா ஐந்து மணிக்கு எழும்புகிறார் என்பதற்காக உங்கள் அம்மாவும் எழும்ப வேண்டியதில்லை.

படி 1: முதலில் சம்மதம், பிறகு ஒரு நோட்டு

சென்சார் வைக்கப்படுபவரிடம் சொல்லாமல் எதையும் ஒட்டாதீர்கள். "இது படம் ஒண்ணும் எடுக்காதும்மா, பேசுறதும் கேக்காது. கதவு தொறந்தா தொறந்துதுன்னு மட்டும் எனக்குச் சொல்லும்" என்று சென்சாரைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் அறையில் வைக்க வேண்டாம். மறதி நோய் உள்ளவரிடம் ஒருமுறை சொன்னால் போதாது, கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஊருக்கு வரும் விடுமுறையில் ஒரு வாரம் அவருடைய நாளை நோட்டில் எழுதுங்கள். எப்போது எழும்புகிறார், கட்டன்சாயா எத்தனை மணிக்கு, குளியல் காலையா மாலையா, ஞாயிறு பூசைக்கோ கோயிலுக்கோ எப்போது கிளம்புகிறார், வேலைக்கு வரும் அக்கா எந்த நாட்களில் வருகிறார். இந்த நோட்டு இல்லாமல் சென்சார் தரும் எண்களுக்கு அர்த்தம் இல்லை.

படி 2: வாங்க வேண்டியவை

அசைவை அறியும் பி.ஐ.ஆர். சென்சார் மூன்று (படுக்கையறை, சமையலறை, கூடம்). காந்தம் வைத்த கதவுச் சென்சார் மூன்று. ஒரு ஸ்மார்ட் பிளக் (அதில் மாட்டிய சாதனம் ஓடுகிறதா என்று சொல்லும் பிளக்). இவை எல்லாம் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) வகையாக இருக்கட்டும். சென்சார்கள் பட்டன் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும், இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை செய்யும். இவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினி, அதன் யு.எஸ்.பி. துளையில் செருகி ஜிக்பீ சிக்னலை வாங்கும் டாங்கிள் என்ற சிறு கருவி, ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருள். அதைப் பரிந்துரைக்கக் காரணம், பதிவுகள் எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போகாமல் உங்கள் வீட்டுக் கணினியிலேயே இருக்கும். ஒருவர் எத்தனை முறை கழிவறைக்குப் போனார் என்பது அவருடைய உடல் பற்றிய செய்தி. அது குடும்பத்தைத் தாண்டக் கூடாது.

படி 3: எங்கே ஒட்டுவது?

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நம் வீடுகளில் ஒத்துவராத இடம் இதுதான். அங்கே மின்கெட்டிலில் ஸ்மார்ட் பிளக் மாட்டி, காலை டீ போட்டதை அறிவார்கள். இங்கே சாயா கேஸ் அடுப்பில். அதனால் தேயிலையும் சீனியும் இருக்கும் அலமாரிக் கதவில் ஒரு கதவுச் சென்சார் வையுங்கள். ஸ்மார்ட் பிளக் டிவிக்குப் போகட்டும். தினமும் பார்க்கும் சீரியலை ஒருவர் பார்க்காமல் விட்டால் அதுவும் ஒரு செய்திதான்.

குளியலை ஈரப்பதச் சென்சார் வைத்து அறியலாம் என்பார்கள். பச்சைத் தண்ணீரில் குளிக்கும், காற்றே ஈரமாக இருக்கும் நம் ஊரில், அதுவும் மழைக்காலத்தில், அந்த எண் அதிகம் அசையாது. குளியலறைக் கதவு எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்பதே நம்பகமானது. கழிவறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் பழைய ஓட்டு வீடுகளில், பின்வாசல் கதவின் உள்பக்கம் வைத்தால் போதும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் வெளியே வைத்தால் உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும். மூன்றாவது கதவுச் சென்சார் முன்வாசலுக்கு.

பி.ஐ.ஆர். சென்சார் தன்னை நோக்கி நடந்து வருபவரைவிட, குறுக்கே கடப்பவரையே நன்றாக அறியும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நடக்கும் பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். வெயில் விழும் ஜன்னலை நோக்கி வேண்டாம். பூனை ஏறும் திண்டுக்கு எதிரேயும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டுப்பட்டை சாரல் மழையில் உரிந்து விழும். மரச்சட்டத்தில் திருகாணி போடுங்கள். மழையில் மரக்கதவு உப்பினால் காந்தம் விலகும். மூடிய நிலையில் ஒரு சென்டிமீட்டருக்குள் இடைவெளி இருக்கட்டும்.

படி 4: இணைப்பது

ஹோம் அசிஸ்டன்ட்டை ராஸ்பெரி பையில் ஏற்றி, டாங்கிளைச் செருகி, சாதனம் சேர்க்கும் வசதியைத் திறந்து, ஒவ்வொரு சென்சாரின் பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் திரையில் தோன்றும். "சென்சார் 1" என்று விடாமல் "சமையலறை", "பின்வாசல்" என்று பெயர் வையுங்கள். டாங்கிளை ஒரு நீட்டிப்பு யு.எஸ்.பி. கேபிளில் தள்ளி வைத்தால் சிக்னல் தெளிவாக வரும். தடித்த சுவர் உள்ள வீட்டில் இன்னொரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக்கை நடு அறையில் மாட்டுங்கள். ஜிக்பீ சிக்னலை அது அடுத்த அறைக்குக் கடத்திவிடும்.

ஹோம் அசிஸ்டன்ட் வழக்கமாக 10 நாள் விவரப் பதிவை மட்டுமே வைத்திருக்கும். நமக்கு மாதங்கள் வேண்டும். அமைப்பில் அந்த நாள் எண்ணிக்கையை முதல் நாளே கூட்டிவிடுங்கள்.

கரன்ட் விஷயம் நம் மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது. இரண்டு பருவமழையும் இடியும் உள்ள ஊர். ராஸ்பெரி பை, ரவுட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். அடிக்கடி கரன்ட் போனால் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு கெடும், அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்புக் கருவி மேலானது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபின் பல ஊர்களில் நாட்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் எந்தச் சென்சாரும் உதவாது. நேரில் போய்ப் பார்க்கும் ஒருவர் எப்போதும் ஏற்பாட்டில் இருந்தாக வேண்டும்.

படி 5: இரண்டு வாரம் சும்மா பாருங்கள்

எந்த எச்சரிக்கையும் வைக்காமல் பதிவை மட்டும் சேருங்கள். "ஹிஸ்டரி ஸ்டாட்ஸ்" என்ற வசதியில், இரவு 10 முதல் காலை 5 வரை கழிவறைப் பக்கக் கதவு எத்தனை முறை திறந்தது, முந்தைய நாள் சமையலறையில் எவ்வளவு நேரம் அசைவு இருந்தது என்று எண்ணிக்கை எடுக்கலாம். விருந்தாளி வந்த நாளையும் வேலைக்கு அக்கா வந்த நேரத்தையும் நோட்டில் குறித்துக் கணக்கிலிருந்து விலக்குங்கள். சென்சாருக்கு ஆள் அடையாளம் தெரியாது. வீட்டில் இருவர் இருந்தால் இந்த முறை பாதிதான் பலன் தரும்.

படி 6: எச்சரிக்கை மிகக் குறைவாக

மூன்று போதும். வழக்கமாக எழும்பும் நேரம் கடந்து ஒன்றரை மணி நேரமாகியும் எங்கும் அசைவில்லை. குளியலறைக் கதவு மூடி, வழக்கத்தைவிட இரு மடங்கு நேரமாகியும் வேறு எங்கும் அசைவில்லை. மறதி நோய் உள்ளவர் என்றால், நள்ளிரவில் முன்வாசல் திறந்தது. தினமும் பத்து எச்சரிக்கை வந்தால் பதினோராவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இவற்றோடு, தினமும் காலை ஏழு மணிக்குச் சென்சார்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று ஒரு டெலிகிராம் செய்தி வரும்படி வையுங்கள். அது வராத நாளில் கரன்டோ நெட்டோ போயிருக்கிறது. போன் போட்டுக் கேளுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் முதலில் அம்மாவுக்கே போன். எடுக்கவில்லையா, வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுச் சித்தியோ மாமாவோ போய்ப் பார்க்க வேண்டும். துபாயிலிருந்து 108ஐ அழைத்தால் நம் ஊர் ஆம்புலன்ஸ் வராது, ஊரில் நிற்பவர்தான் அழைக்க முடியும். இதை அவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். இது விழுந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 7: மெல்ல நகரும் மாற்றம்

என் பார்வையில் உண்மையான பலன் இங்கேதான். சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, இந்த வாரச் சராசரியை முதல் இரண்டு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒருநாள் ஏற்றத்தாழ்வுக்குப் பதற வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து மாறியிருந்தால் கேளுங்கள். இரவில் கழிவறைக்குப் போவது கூடினால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, புராஸ்டேட், புதிதாகத் தொடங்கிய நீர் மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். எது என்று சொல்வது மருத்துவரின் வேலை. சமையலறை அசைவு குறைந்திருந்தால் முட்டுவலியா, மனச்சோர்வா, மகள் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாரா என்று அம்மாவிடமே கேட்டுவிடலாம்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தெருமுனை டாக்டரிடமோ போகும்போது வரைபடங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டு போகாதீர்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: இரவில் எழும்புவது முன்பு எத்தனை, இப்போது எத்தனை; குளியல் வாரத்தில் எத்தனை நாள்; காலையில் எழும்பும் நேரம்; மாற்றம் தொடங்கிய தேதி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் அதே தாளைக் காட்டலாம். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களைத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.