நுளம்பின் சட்ஜமும் பஞ்சமமும்: ஆய்விலிருந்து மேடைக்கு ஓர் ஆட்டம்

காதருகே நுளம்பு பாடுகிறது என்கிறோம். அது தொண்டைப் பாட்டு அல்ல, சிறகடியின் ஒலி. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி இனத்தில் பெண்ணின் சிறகு வினாடிக்கு ஏறத்தாழ 400 தரமும் ஆணின் சிறகு 600 தரமும் அடிக்கும். ஆணும் பெண்ணும் பறந்தபடி நெருங்கும்போது இரண்டுமே சிறகடியைச் சற்று மாற்றிக்கொள்கின்றன. சிறகொலியில் அடிப்படை மீடிறனோடு (அதிர்வெண்ணோடு) அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். பெண்ணின் மும்மடங்கு மீடிறனும் ஆணின் இருமடங்கு மீடிறனும் 1200 ஹேர்ட்ஸ் அளவில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2009 இல் வெளியிட்டார்கள். பெண் நுளம்புக்குக் காது கேளாது என்ற பழைய எண்ணம் அதோடு போய்விட்டது.

400க்கு 600 என்பது இரண்டுக்கு மூன்று. சங்கீதம் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது சட்ஜம், பஞ்சமம். இந்த ஆட்டத்துக்கு வேறு கற்பனை தேவையில்லை. சுருதி சேராமல் தொடங்கிச் சேர்ந்து முடிவதுதான் கதை. எட்டு ஆட்டக்காரர், இரண்டு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு உடுக்கு, ஒரு மடிக்கணினி இருந்தால் பன்னிரண்டு நிமிட ஆட்டமாக இதைச் செய்யலாம். ஒத்திகைக்கு ஆறு கிழமை வையுங்கள். அதில் முதல் இரண்டு கிழமையும் காதுக்கே போகும்.

சுருதியை அமைத்தல்

ஐந்து கட்டையை எடுங்கள். ஐந்து கட்டை சட்ஜத்தின் மேல்ஸ்தாயி 392 ஹேர்ட்ஸ், அதற்கு மேலுள்ள சுத்தமான பஞ்சமம் 588. ஆய்வில் வந்த எண்களுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு கட்டை வராது. 392இன் மும்மடங்கு 1176, 588இன் இருமடங்கும் 1176. இரண்டும் பொருந்தும் இடத்தில் ஒலி அசையாமல் நிற்கும். பஞ்சமம் கொஞ்சம் கூடினால் அந்த மேல் ஒலி 'வவ்வவ்' என்று அலையடிக்கும். பௌதிகவியல் பாடத்தில் அடிப்பு என்று படிப்பது இதைத்தான்.

இனித்தான் ஆட்டத்தின் உயிர். பஞ்சமத்தை 590இல் வைத்தால் அதன் இருமடங்கு 1180. 1176ஐக் கழித்தால் வினாடிக்கு நான்கு அடிப்பு. அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, நிமிடத்துக்கு 60 என்று தாளத்தை வைத்துக்கொண்டால் ஓர் அட்சரத்துக்கு நான்கு, அதாவது சதுஸ்ர நடை. இப்படியே 591.5 வைத்தால் ஏழு, மிஸ்ரம். 590.5 வைத்தால் ஐந்து, கண்டம். 589.5 மூன்று, திஸ்ரம். 589 இரண்டு, 588.5 ஒன்று, 588 வந்ததும் அடிப்பே இல்லை. இரண்டு நுளம்புகள் சேரும் கதையைத் தாளத்தின் நடைகளே ஏழு படியில் சொல்லிவிடும். ஆறை விட்டுவிடலாம், அது திஸ்ரத்தின் இரண்டாங் காலம் போலவே கேட்கும்.

ஒவ்வொரு படிக்கும் ஆதிதாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது 16 வினாடி. ஏழு படிக்கும் 112 வினாடி. 16 வினாடி என்று வைப்பதில் ஒரு வசதி உண்டு. மேலுள்ள எண்கள் எல்லாமே 16 வினாடியில் முழுச் சுற்றில் முடிவதால், துண்டுகளை ஒட்டும் இடத்தில் 'டிக்' என்ற சத்தம் வராது.

ஒலியைச் செய்ய ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருள் போதும். ஜெனரேட் பட்டியலில் டோன் என்பதைத் திறந்து, அலை வடிவத்தில் சோடூத்தைத் தெரிவுசெய்து, அம்பிளிடியூட் 0.3 என்று இடுங்கள். ஒரு தடத்தில் 392ஐ 112 வினாடிக்கும், அடுத்த தடத்தில் ஏழு பஞ்சமங்களை ஒவ்வொன்றும் 16 வினாடியாகவும் அடுக்குங்கள். காதைக் குத்தினால் லோ பாஸ் ஃபில்டரை 3000 ஹேர்ட்ஸில் போடுங்கள். இரண்டு தடத்தையும் மோனோவாகச் சேர்த்து வேவ் கோப்பாக எடுத்து, ஒரே ஒலிபெருக்கியில் விடுங்கள். சட்ஜத்தை இடப்பக்கமும் பஞ்சமத்தை வலப்பக்கமும் பிரித்து வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கு ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் கேட்டு, அடிப்பு மங்கிப் போகும்.

பலர் இடறும் இடம் அலை வடிவம். சோடூத்துக்குப் பதிலாகச் சைனை வைத்தால் 392 என்றால் 392 மட்டுமே இருக்கும், மேல் மடங்குகள் இரா. மடங்கு இல்லாத இடத்தில் அடிப்பும் இல்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். புல்லாங்குழலிலும் மேல் மடங்குகள் மெலிவு, இந்த வேலைக்கு உதவாது. கீபோர்ட் வேறொரு தொல்லை தரும். அதன் பஞ்சமம் 587.33, சுத்தமான பஞ்சமத்துக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு முயன்றாலும் வினாடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலான அடிப்பு கடைசிவரை நிற்கும். சேர்ந்து முடியவேண்டிய ஆட்டம் சேராமலே முடிந்துவிடும்.

ஆட்டக்காரரை ஒலிபெருக்கிக்கு முன்னால் இருத்தி, சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விட்டுவிட்டு, அதற்கு மேலே, அந்தப் பஞ்சமத்துக்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள பஞ்சமத்தின் உயரத்தில் ஒலிக்கும் மினுக்கத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பிடிபடாத பிள்ளைக்கு அந்த மேல் பஞ்சமத்தை வயலினில் ஒருதரம் தொட்டுக் காட்டினால் காது அங்கே போய் நிற்கும். ஒன்று, இரண்டு அடிப்பில் தொடங்கி மேலே போங்கள். ஏழிலிருந்து தொடங்கினால் இரைச்சலாகத்தான் கேட்கும். இந்த வேளையில் மின்விசிறியை நிறுத்துவது கட்டாயம். சுழலும் தகடு ஒலியை வெட்டித் தன் பங்குக்கு ஓர் அலையைச் சேர்க்கும்.

ஏழாம் படி முடிந்ததும் கணினி ஒலியைப் பத்து வினாடியில் மெல்லக் குறைத்து, வயலின்கள் அதை வாங்கவேண்டும். ஒருவர் சட்ஜத் தந்தியைத் திறந்து இழுக்க, மற்றவர் பஞ்சமத் தந்தியைத் தொடாமல் சட்ஜத் தந்தியிலேயே விரல் வைத்துப் பஞ்சமம் பிடிக்கட்டும். திறந்த தந்தியைத் திருத்த முடியாது, விரலைத் திருத்தலாம். 591.5இலிருந்து 588க்கு வர விரல் நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. சறுக்கினால் தாண்டிப் போய்விடும், விரல் நுனியை உருட்டவேண்டும். கமகம் ஒரு துளியும் வேண்டாம்.

மிருதங்கம் இந்தச் சுருதி சேரும் பகுதியில் மூடிய சொற்களோடு நிற்கட்டும். நம், தின், சாப்பு எல்லாம் தம் சுருதியோடு ஒலிப்பதால் புது அடிப்புகளைக் கிளப்பும். தவிலைச் சேர்க்க ஆசை வரும், தவிலுக்குப் பேர்போன யாழ்ப்பாண ஊர்களான இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்கும்போது வராமல் இராது. அதை ஆண் நுளம்புகள் கூட்டமாகப் பறக்கும் இரண்டாம் பகுதியில் வையுங்கள்.

உண்மை நுளம்பின் ஒலி

தொடக்கத்தில் பத்து வினாடிக்கு உண்மையான சிறகொலி இருந்தால் சபை உடனே அமைதியாகும். இரவில் காதில் பாடுவது பெரும்பாலும் வேறு இனம், அதைப் பிடித்து ஈடிஸ் என்று போடக்கூடாது. காலையிலோ பின்னேரத்திலோ நிழலில் தேடுங்கள். கறுப்புக் காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும், முதுகில் வெள்ளைக் கோடுகள் யாழ் வடிவில் இருக்கும். ஒற்றைக் கோடு மட்டும் என்றால் அது ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற வேறு இனம். உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருந்தால் ஆண். ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் கோப்பையால் மூடி, அடியில் மட்டையைச் செருகி, கைப்பேசியின் மைக்கைக் கோப்பையோடு ஒட்டிவையுங்கள். இரைச்சல் குறைக்கும் வசதியை நிறுத்தாவிட்டால் கைப்பேசி நுளம்பையே இரைச்சல் என்று அழித்துவிடும். விடாமல் ஒரு வினாடி கிடைத்தாலே போதும். ஒடாசிற்றியின் பிளொட் ஸ்பெக்ரத்தில் அளவை 8192 என வைத்து உச்சியைப் பாருங்கள். எங்கள் வெயிலில் எண் 400ஐத் தாண்டி நிற்கும், சூடு கூடச் சிறகடி விரையும். அது பிழையல்ல. வேலை முடிந்ததும் நுளம்பை வெளியே விடாதீர்கள்.

குடம்பி (நுளம்புப் புழு) வளர்த்துப் பார்ப்போம் என்று யாரும் வாளியில் தண்ணீர் வைக்கக்கூடாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். குடம்பியின் அசைவைப் பார்க்கவேண்டுமென்றால் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல்துறையைக் கேளுங்கள்.

ஆட்டம்

முதற் பகுதிக்குப் பெயரைத் தமிழே தந்திருக்கிறது. நுளம்புக் குடம்பிக்கு ஊரில் கூத்தாடி என்று பெயர். ஈடிஸ் கூத்தாடி நீர்மட்டத்தில் வால் நுனிக் குழாயால் மூச்சுவிட்டபடி தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மேலே நிழல் பட்டால் உடம்பை இருபக்கமும் வளைத்து அடித்து அடியில் போய்விடும், பிறகு ஒவ்வொன்றாக மேலே வரும். மேடையில் இதற்கு ஒரு சுளகு போதும். விளக்குக்கு முன்னால் சுளகை மெதுவாகக் கொண்டுபோக, நிழல் யார்மேல் விழுகிறதோ அவர் சுருண்டு தரையில் விழவேண்டும். எண்ணிக்கை வைக்காதீர்கள், நிழலே தாளம். உடுக்கின் நடுக்கயிற்றை இறுக்கித் தளர்த்தினால் ஒலி வழுகி இறங்கும், விழுதலுக்கு அதுவே பொருத்தம். பின்னணிக்குக் கைவிட்ட வள்ளம் ஒன்று வைக்கலாம். யாழ்ப்பாணக் கரையோரத்தில் பழைய வள்ளங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் ஈடிஸ் வளர்வதை இலங்கை ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல தண்ணீரில்தான் வளரும் என்று நம்பியிருக்கும் கரையோரச் சனத்துக்கு அந்த வள்ளம் உறைக்கும்.

இரண்டாம் பகுதியில் ஆறு பேர் ஆண்கள். கைகளைச் சிறகாக்கி அடிக்கவேண்டாம், உடனே அது கொக்காகிவிடும். வினாடிக்கு 600 தரம் அடிக்கும் சிறகு கண்ணுக்குத் தெரியாது, மேடையிலும் தெரியவேண்டாம். ஆண் நுளம்பு உணர்கொம்பால் கேட்கும் உயிர். நெற்றிக்கு முன்னால் இரு கையிலும் அலபத்மம் (விரிந்த தாமரை முத்திரை), பெண்ணுக்குச் சூசி (சுட்டுவிரல் முத்திரை). உடம்பை முன்பாரமாக வைத்து, எட்டு வடிவப் பாதையில் சுற்றி வரட்டும்.

மூன்றாம் பகுதியில் ஒரு சோடி மட்டும். மற்றவர் இருளில் இருந்து சொற்கட்டை வாய்க்குள் சொல்லட்டும்: தகிட தகதிமி, பிறகு தக தகிட, தகதிமி, தகிட, தக, தா. சோடியின் நடுக்கம் விரல் நுனியில் தொடங்கவேண்டும். மிஸ்ரத்தில் விரல், கண்டத்தில் மணிக்கட்டு, சதுஸ்ரத்தில் முழங்கை, திஸ்ரத்தில் தோள் என்று உள்ளே போகப்போக வேகம் குறையும். அடிப்பு நிற்கும்போது நெஞ்சும் நிற்கும். இடைவெளி பன்னிரண்டடியில் தொடங்கி ஒரு சாணில் முடியட்டும், தொடவேண்டாம். சலங்கையை இரண்டாம் பகுதி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அதன் மணியொலி 1176க்கு மேலே பரந்து, பாடுபட்டுச் செய்த அடிப்பை மூடிவிடும். கழற்ற நாற்பது வினாடி வேண்டும், அந்த நேரத்துக்குத் தம்பூராவை மட்டும் விடலாம்.

உடைக்குக் கறுப்புப் பருத்தி. கணுக்காலிலும் முழங்காலிலும் இரண்டரை சென்ரிமீற்றர் வெள்ளை இலாஸ்ரிக் வளையம். முதுகில் யாழை ஓர் அடி உயரத்துக்கு வெள்ளைத் துணிச்சாயத்தால் தீட்டுங்கள்: வெளிப்பக்கம் வளைந்த இரண்டு கோடு, நடுவே மெல்லிய நேர்க்கோடு இரண்டு. சோடி நெருங்கும்போது பெண்ணின் முதுகு சபைப் பக்கம் இருக்கவேண்டும்.

கடைசிப் பகுதி ஒன்றரை நிமிடம். வயலின் நின்ற பிறகு பெண் தனியே வள்ளத்தடிக்கு வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உள்விளிம்பில் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லட்டும். ஈடிஸ் முட்டையிடும் இடம் அதுதான். அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு தொடுகைக்கும் உடுக்கில் ஒரு தட்டு. பிறகு சுளகின் நிழல் வெறும் வள்ளத்தின் மேலால் போகட்டும், அதோடு விளக்கை அணையுங்கள்.