மருத்துவ நிர்வாகம் படிப்போரின் மாணவர் சங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எச்.ஏ. எனப்படும் மருத்துவ நிர்வாக முதுநிலைப் படிப்பு நடக்கும் துறைகளில் பெரும்பாலும் ஒரு மாணவர் சங்கம் இருக்கும். 1933-இல் தோன்றி, சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஹெல்த்கேர் எக்சிக்யூட்டிவ்ஸ் என்ற தொழில்முறை அமைப்போடு இத்தகைய சங்கங்கள் பல தொடர்பு வைத்திருக்கின்றன. பல் மருத்துவமோ இயன்முறை மருத்துவமோ முடித்துவிட்டுத் தமிழகத்திலிருந்து இப்படிப்புக்குச் செல்வோரும் இவற்றில் சேர்கிறார்கள். இச்சங்கங்களில் நேரும் தவறுகளை உற்று நோக்கினால், அவற்றில் பல காலக்கணக்கு பிழைத்ததால் நேர்ந்தவை என்பது புலப்படும்.

படிப்பு இரண்டு ஆண்டு என்பதால் அவகாசம் ஏராளம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கி, இடையில் ஒரு கோடைகாலப் பயிற்சி முடிந்து, இரண்டாம் ஆண்டு தொடங்கிய கையோடு, அதாவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே, பெரிய மருத்துவமனைகளின் ஓராண்டு நிர்வாகப் பயிற்சிப் பணிகளுக்கான விண்ணப்பக் கெடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே, முதல் பருவத்தில் பாடங்களைச் சமாளித்துவிட்டு அடுத்த ஆண்டு சங்கத்தில் சேரலாம் என்று ஒதுங்கி நிற்பவர், சங்கத்தால் கிடைக்கக்கூடிய முக்கியமான பலனை இழந்த பிறகே உள்ளே வருகிறார். இப்பணிகளில் பலவற்றுக்கு நாஃப்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் இருந்தாலும், சில மருத்துவமனைகள் தம் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பம் பெறுகின்றன. மருத்துவ நிர்வாகப் படிப்புகளைத் தரம் பார்க்கும் கேமி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பவையும் உண்டு. இந்த விவரங்களைத் தொகுத்து முதலாண்டு மாணவர் கையில் வசந்த காலத்திலேயே கொடுக்காத சங்கம், விருந்தும் குழுப் படமுமாகவே நின்றுவிடும்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இக்கணக்கு இன்னும் இறுக்கமானது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்போருக்கு, படித்து முடித்தபின் வேலை செய்யக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி பொதுவாக 12 மாதங்கள். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குரிய 24 மாத நீட்டிப்பு எம்.எச்.ஏ. படிப்புகள் பலவற்றுக்குப் பொருந்துவதில்லை. ஓராண்டுப் பயிற்சி அந்த வரம்புக்குள் அடங்கும். ஈராண்டுப் பயிற்சி அடங்காது. விசாவுக்குப் பொறுப்பேற்காத மருத்துவமனைகளும் நிறைய. நேர்காணல் வரை சென்றபின் இதைத் தெரிந்துகொள்வதைவிட, சங்கம் ஏற்பாடு செய்யும் முதல் சந்திப்பிலேயே நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊதியத்துடன் கூடிய கோடைப் பயிற்சிக்கு, படிக்கும்போதே வேலை செய்ய வழங்கப்படும் சி.பி.டி. அனுமதி கைக்கு வருமுன் வேலையில் சேர்வது விசா விதிமீறல் என்பதையும் மறக்கக் கூடாது.

பேச்சாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பதவிகளின் மீது மோகம் கொள்வது மற்றொரு பிழை. தலைமைச் செயல் அதிகாரி ஒருவர் வந்து தம் வாழ்க்கைப் பயணத்தைச் சொன்னால் அரங்கு நிறையும் என்பது உண்மைதான். எனினும், வேலையில் சேர்ந்து ஓராண்டே ஆன முன்னாள் மாணவரோ செவிலியர் பிரிவின் மேலாளரோ, காலை எட்டரை மணிக் கூட்டத்தில் என்ன பேசப்படுகிறது என்று விவரிப்பதில்தான் பாடம் இருக்கிறது. அவசரப் பிரிவில் படுக்கைக்காகக் காத்திருப்போர் எத்தனை பேர், நண்பகலுக்குள் வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருடைய மருந்துச் சீட்டோ வாகனமோ இன்னும் தயாராகவில்லை என்ற அந்தக் கேள்விகளே நிர்வாகியின் அன்றாடம். அப்படி வருபவரிடம் முதல் சந்திப்பிலேயே வேலை கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். அவர் வேலையைப் பற்றிக் கேட்பதே தொடர்பை வளர்க்கும்.

மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கச் செல்லும்போது நேரும் ஒரு பிழையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். குழுவாக நின்று எடுத்த படத்தின் பின்னணியில் நோயாளிகளின் பெயரும் அறை எண்ணும் எழுதிய வெள்ளைப் பலகை தெரிகிறது. மாலைக்குள் அப்படம் லிங்க்டுஇன்னில் ஏறிவிடுகிறது. 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின்கீழ் நோயாளியின் தகவலைக் காக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது என்பதால், இதன் விளைவை முதலில் சந்திப்பது மாணவர்களை உள்ளே அழைத்துச் சென்ற மருத்துவமனை ஊழியர்தான். அடுத்த ஆண்டு அந்தக் கதவு திறக்காது. படம் எடுப்பதானால் வரவேற்பறையில், அனுமதி பெற்று எடுப்பதே முறை.

ஒரு மருத்துவமனையின் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் வழக்காய்வுப் போட்டிகளில் மாணவர்கள் ஸ்லைடுகளின் அழகில் நேரத்தைக் கரைக்கிறார்கள். கொடுக்கப்பட்ட மருத்துவமனையின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பவர் குறைவு. குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு நோயாளிகள் மிகுந்த ஒரு மருத்துவமனைக்கு, அதைவிட உயர்ந்த தனியார் காப்பீட்டுக் கட்டணத்தை மனத்தில் வைத்து ஓர் எலும்பு மூட்டு மையத்தைப் பரிந்துரைத்தால், நடுவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே வரவு செலவுக் கணக்கு சரிந்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன தொழில்முறை அமைப்பில் உறுப்பினராவதையும் அதன் தகுதிச் சான்று பெறுவதையும் குழப்பிக்கொள்வது சிறிய பிழைதான் என்றாலும் அறிந்தவர் கண்ணில் உடனே படும். பெயருக்குப் பின்னால் எஃப்.ஏ.சி.எச்.இ. (அவ்வமைப்பின் ஃபெலோ) என்று போட்டுக்கொள்ள முதுநிலைப் பட்டம், பல ஆண்டு நிர்வாக அனுபவம், தேர்வு ஆகியவை வேண்டும். மாணவர் உறுப்பினர் என்று சுயவிவரத்தில் எழுதுவதே சரி.

கடைசியாக, பொறுப்பு கைமாறும் காலம். மேயில் பட்டம் பெற்ற மூத்தவர்கள் ஜூலைக்குள் வேறோர் ஊரில் வேலையில் இருப்பார்கள்; அதன்பின் அவர்களிடம் கடவுச்சொல்லையும் பேச்சாளர்களின் முகவரியையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மார்ச்சிலேயே தேர்தலை முடித்து, ஏப்ரல் முழுவதும் பழைய, புதிய நிர்வாகிகள் சேர்ந்து பணியாற்றினால், யாருக்கு எப்போது அழைப்பு அனுப்ப வேண்டும், எந்த அறைக்கு எத்தனை வாரம் முன்னதாகப் பதிவு வேண்டும், பல்கலைக்கழகக் கணக்கில் கையொப்பமிடுபவரை மாற்ற எந்தப் படிவம் தேவை என்பவை எழுத்தில் வந்துவிடும். சங்கப் பணத்தைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், அதையும் அந்த ஏப்ரலிலேயே முடித்துவிட வேண்டும்.