எதிர்ப்புள்ள ஊரில் ஊழியம்: துணிச்சல் என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

கிராம ஊழியத்துக்குப் புதிதாக வரும் தம்பிமாரை ஊர்களுக்கு அழைத்துப்போவது சில காலமாக என் பொறுப்பு. ஜெபக்குறைவு, வேதவாசிப்பில் அசதி, காணிக்கைக் கணக்கில் குழப்பம் இவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வேதாகமப் பள்ளியில் வேண்டிய மட்டும் கேட்டிருப்பார்கள். எங்கள் தலைமுறை செய்து, அடிபட்டு, கைவிட்ட சில காரியங்களை இவர்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் மறுபடியும் செய்கிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

## எல்லா எதிர்ப்பையும் உபத்திரவம் என்பது

ஜெபக்கூட்டத்தை ஊர்க்காரர்கள் தடுக்கிறார்கள் என்று ஒரு தம்பி கண்ணீரோடு வந்தார். போய்ப் பார்த்தேன். குறுகிய முட்டுச்சந்து. ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள்கள் எதிர்வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறார்கள். வண்டிகளைக் குளத்தங்கரையில் நிறுத்தச் சொன்னேன். அடுத்த வாரமே உபத்திரவம் நின்றுபோயிற்று. கிறிஸ்துவுக்காகப் பாடுபடுவதைப் பற்றி எழுதும்போதே, அடுத்தவன் காரியத்தில் தலையிட்டுப் பாடுபட வேண்டாம் என்றும் பேதுரு சேர்த்தே எழுதியிருக்கிறார் (1 பேதுரு 4:15). அந்த வசனத்தில் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

குடியிருப்பு வீட்டுக்கென்று அனுமதி வாங்கிவிட்டுச் சிலுவை வைத்த கட்டடம் எழுப்புவதும் இதே வகைதான். தமிழ்நாட்டில் வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். எல்லா மதத்துக்கும் அதே விதி. சீல் வைத்த பிறகு, விசுவாசத்துக்காகச் சிறைபோன பவுலையும் சீலாவையும் துணைக்கு அழைத்துப் பயனில்லை.

## ஒலிபெருக்கி

பத்துப் பேர் கூடும் ஓலைக்கொட்டகைக்கு எதற்கு?

## விசுவாசியின் முகத்தைச் செய்திமடலில் போடுவது

மற்றத் தவறுகளைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவேன். இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஓர் ஊரில் முதன்முதலாக ஒருவர் இயேசுவை ஏற்றுக்கொள்கிறார். வீட்டாரிடம் இன்னும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். ஊழியருக்கோ மாதக் கடைசியில், காணிக்கை கொடுத்துத் தாங்குகிறவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கிணற்றில் ஞானஸ்நானம் எடுத்து, தலையைக்கூடத் துவட்டாமல், நனைந்த சேலையோடு கைகூப்பி நிற்கும் படம் கைப்பேசியில் தயாராய் இருக்கிறது. கீழே ஊர்ப் பெயர், ஆள் பெயர், மேலே ‘முதற்கனி’ என்று தலைப்பு. அச்சில் வந்த காலத்தில் அது சந்தாதாரர் வீட்டு அலமாரியோடு நின்றது. இப்போது வாட்ஸ்அப்பில் சாயங்காலத்துக்குள் அதே ஊருக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, ஆடு வளர்த்துப் பிழைக்கும் விதவை. அவர் படம் சென்னையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் கண்ணில் பட்டது. ஊர்க்கூட்டத்தில் அவரை நிற்கவைத்தார்கள். கோயில் கொடைக்கு அவரிடம் இனி வரி வாங்குவதில்லை என்று முடிவானது. வரி வாங்காத வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. என் புஞ்சையில் மேய்க்காதே என்று ஒவ்வொருவராய்ச் சொல்ல, ஆடுகளை வந்த விலைக்கு விற்றார். படம் போட்ட ஊழியர் தொலைவில் டவுனில் வாடகை வீட்டில் இருந்தார். அந்த மாதம் அவருக்கு வந்த காணிக்கை வழக்கத்தைவிட அதிகம். அடுத்த மடலில் ‘சகோதரிக்கு நேர்ந்த உபத்திரவம்’ என்று மறுபடியும் அதே படத்தைப் போட்டார்.

அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் யாரையும் திட்டவில்லை. “மகள் கல்யாணம் முடிந்ததும் நானே என் தம்பியிடம் சொல்வதாக இருந்தேன், ஐயா. அதற்குள் அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்” என்றார். சாட்சி சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் என்று தீர்மானிக்கும் உரிமையைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதில் சட்ட விளைவும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். மகனின் கல்லூரி இடம், உதவித்தொகை எல்லாம் இதைத் தொட்டு நிற்கின்றன. இதை மறைக்க வழி சொல்லித்தருவது ஊழியமல்ல. ஞானஸ்நானத்துக்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து விளக்கிவிட்டு, முடிவை அவர்களிடம் விட வேண்டும். அதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்கிப் படமெடுப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

தேவசகாயம் பிள்ளையைப் பற்றி எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு, 2022-இல் புனிதர் பட்டம். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் பிரசங்கத்தில் வருவதே இல்லை. கணவர் போன பிறகு வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர் அவர். திருநெல்வேலிச் சீமையில் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம், விசுவாசிகள் அதன்பின் எங்கே வாழ்வார்கள் என்பதையும் யோசித்தார். புது விசுவாசிகள் தாக்கப்பட்டபோது, 1799-இல் சாத்தான்குளம் பக்கம் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார்கள். முதலூர் என்ற ஊர் உருவானது அப்படித்தான்.

ஆகவே எங்கள் குழுவில் படம் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. தாங்குகிறவர்கள் ஜெபிக்க ‘ஒரு சகோதரி’ போதும். கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

## பிறர் தெய்வத்தைப் பழிப்பது

எபேசுவில் கலகக் கூட்டத்தின் முன் நின்ற சம்பிரதியே (நகர அதிகாரி), இவர்கள் நம் தேவியைத் தூஷிக்கவில்லை என்று பவுலின் ஆட்களுக்காகப் பேசினான் (அப்போஸ்தலர் 19:37). உங்கள் ஊர் வி.ஏ.ஓ. உங்களைப் பற்றி அப்படிச் சொல்வாரா?

## காவல் நிலையம் போவது விசுவாசக் குறைவு என்பது

சாட்டையால் அடிக்கக் கட்டும்போது, தான் ரோமக் குடிமகன் என்று பவுல் சொன்னார். பிலிப்பியில் சிறையிலிருந்து இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து அழைத்துப்போகட்டும் என்றார். உங்களுக்கு என்ன தயக்கம்?

புகாரை எழுத்தில் கொடுங்கள். நாள், நேரம், யார் என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்பது போதும். ‘சாத்தானின் சக்திகள் எழும்பின’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சாத்தான் எந்தத் தெரு?” என்று கேட்டார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

மதம் மாற்ற எனக்கு உரிமை உண்டு என்று அங்கே வாதாடவும் வேண்டாம். அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஒருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசுவாசத்தை எடுத்துச் சொன்னேன், முடிவு அவருடையது என்பதே உண்மையும்கூட. தமிழ்நாட்டின் 2002-ஆம் ஆண்டுக் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் பதற வேண்டாம், அது ரத்தாகிவிட்டது.

## எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வரும் என்பது

1708-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவைத் தரங்கம்பாடியில் சிறைவைத்தவர் அங்கிருந்த டேனிஷ் தளபதி. தாமும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். ஒரு விதவைக்காகப் பரிந்து பேசப்போய் வந்த வினை அது. உங்கள் சபைக் கமிட்டித் தேர்தல் வரும்வரை பொறுத்திருங்கள், புரியும்.

## விலகி நிற்பதைக் கோழைத்தனம் என்பது

தமஸ்குவில் பவுலைக் கொல்லப் பார்த்தபோது, அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கியவர்கள் அந்த ஊர்ச் சீஷர்கள். உள்ளூர் விசுவாசிகள் “கொஞ்ச நாள் வரவேண்டாம், ஐயா” என்றால் போகாதீர்கள். வீரம் காட்ட நீங்கள் ஒருநாள் போய் வந்தால், மறுநாள் கேள்வி அவர்கள் வாசலில்தான் வந்து நிற்கும். அந்த நாட்களில் கூட்டம் நடக்க, அவர்களிலேயே ஒருவர் பாட்டெடுக்கவும் வேதம் வாசிக்கவும் பழகியிருக்க வேண்டும். எதிர்ப்பு வந்த பிறகு பழக்க நேரம் இருக்காது. இந்த வாரக் கூட்டத்திலேயே வேத பாகத்தை வாசிக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.