வோல்டேயரை வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் பட்டிமன்றம், தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டி, நூல் வெளியீடு என்று எந்த மேடையில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேயரின் பெயர் எழுந்தாலும், "நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆயினும் அதைச் சொல்வதற்கு உனக்குள்ள உரிமையை உயிரைக் கொடுத்தும் காப்பேன்" என்ற வாசகமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. அதை வோல்டேயர் எழுதவில்லை. அவர் இறந்தது 1778இல். 1906இல் ஈவ்லின் பீட்ரிஸ் ஹோல் என்ற ஆங்கில எழுத்தாளர், அவருடைய மனப்போக்கை விளக்குவதற்காகத் தம் சொந்தச் சொற்களில் அமைத்த வரி அது. ஆதாரம் கேள் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவரை ஆதாரம் பாராமல் மேற்கோள் காட்டுவது அவருக்கே சிரிப்பை மூட்டியிருக்கும். ஆனாலும் இது திருத்துவதற்கு எளிதான தவறு.

அவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதைப் பிழையாகப் புரிந்துகொள்வதுதான் பெரிய தவறு. 1755 நவம்பர் 1ஆம் திகதி, புனிதர் அனைவருக்கும் உரிய திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. பின்னர் கடல் ஏறி வந்தது. எஞ்சியதைத் தீ தின்றது. 'எல்லாம் நன்மைக்கே' என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலர் ஆறுதலாக நம்பியிருந்த காலம் அது. அதற்கு மறுப்பாக வோல்டேயர் முதலில் ஒரு நீண்ட கவிதையையும், 1759இல் 'கான்டிட்' என்ற கதையையும் எழுதினார். அக்கதையில், தமக்குச் சோறும் இடமும் கொடுத்த நல்ல மனிதர் லிஸ்பன் துறைமுகத்தில் மூழ்குவதைக் கண்டு கான்டிட் கடலில் பாயப் போகிறான். அவனுடைய ஆசிரியரான பங்ளோஸ் தடுக்கிறார். அந்த மனிதர் மூழ்குவதற்கென்றே இத்துறைமுகம் படைக்கப்பட்டது என்று அவர் தர்க்கரீதியாக நிரூபித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் பிளந்துபோகிறது.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இடத்துக்கு உரை தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பாவம் பெருகியதால்தான் கடல் வந்தது என்ற பேச்சு நம்மிடையேயும் உலவியது. அதைக் கேலி செய்வதற்கு வோல்டேயரைத் துணைக்கு அழைப்பவர்கள், ஒரு வேறுபாட்டைக் காணத் தவறுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கோணேசப் பெருமான் ஏதோ நினைத்துத்தான் இப்படிச் செய்தார் என்று சொல்லிக்கொண்டு அடுத்த நாள் அடுப்பை மூட்டினால், அது அவள் பிழைத்திருப்பதற்குப் பிடித்துக்கொண்ட கொம்பு. அதே வாசகத்தை, ஒன்றையும் இழக்காத ஒருவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, உதவிக்குப் போகாமலிருப்பதற்குக் காரணமாகச் சொன்னால், அவர்தான் பங்ளோஸ். வோல்டேயரின் அம்பு துயரத்தின் மீது பாய்வதில்லை. நீளும் கையை மடக்கிவிடும் விளக்கத்தின் மீதே பாய்கிறது.

இதனோடு சேர்ந்த இன்னொரு பிசகும் உண்டு. பங்ளோஸை அப்படியே மெய்யியலாளர் லைப்னிட்ஸாக எடுத்துக்கொண்டு, லைப்னிட்ஸ் ஒரு மூடர் என்று முடிவுகட்டுவதே அது. படைக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்தது என்று லைப்னிட்ஸ் 1710இல் வாதிட்டாரேயொழிய, ஒவ்வொரு துன்பமும் இனிமையானது என்று சொல்லவில்லை. கேலிச் சித்திரத்தைப் பார்த்து ஆளை அளந்துவிடக் கூடாது.

வோல்டேயரை நாத்திகர் என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. அவர் திருச்சபையின் கொடுமைகளை எதிர்த்தார்; கடவுளை மறுக்கவில்லை. கடவுள் இல்லையென்றால் அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற வரி, நாத்திக நூலொன்றுக்குப் பதிலாக எழுதப்பட்டது. தாம் குடியிருந்த ஃபெர்னே என்ற ஊரில் 1761இல் அவர் கட்டிய தேவாலயத்தின் முகப்பில், வோல்டேயர் கடவுளுக்காக எழுப்பியது என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார். அதில் தம் பெயரையும் பெரிதாகப் போட்டுக்கொண்டார் என்பது வேறு விடயம். கோயில் மண்டபத் தூண்களில் உபயகாரர் பெயரைப் பார்த்துப் பழகிய நாம் அதைக் குறை சொல்ல இயலாது.

ஐயப்படுபவர் ஏமாறமாட்டார் என்று நம்புவதும் தவறுதான். அல்ப்ஸ் மலையில் கிடைத்த கடற்சிப்பிகள், முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்குச் சான்று என்று சிலர் சொன்னபோது, வோல்டேயர் 1746இல் அதை எள்ளி நகையாடினார். யாத்திரிகர்கள் விட்டுச் சென்ற சிப்பிகளாக அவை இருக்கலாம் என்றார். விவிலியத்தில் வரும் நோவாவின் பெருவெள்ளக் கதைக்கு அது ஆதாரமாகிவிடுமோ என்ற அச்சம் அவரை உறுத்தியது. தமக்குப் பிடிக்காத முடிவுக்கு இட்டுச்செல்லும் சான்றைக் கண்டதும், அந்த மாபெரும் ஐயவாதி கைக்கு அகப்பட்ட விளக்கத்தைப் பிடித்துக்கொண்டார். எதிர்த் தரப்பின் வட்ஸ்அப் செய்திக்கு மட்டும் ஆதாரம் கேட்டு, தம் தரப்பின் செய்தியை உடனே பகிர்பவர்களுக்கு இந்தச் சிப்பிக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். யூதர்களைப் பற்றி அவர் எழுதிய கடும் வெறுப்பு மொழியையும் மறைக்காமல் வாசிக்க வேண்டும். அதற்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, 'நம் தோட்டத்தைப் பண்படுத்த வேண்டும்' என்று 'கான்டிட்' முடிவதைக் கொண்டு, ஊர் வம்பு நமக்கெதற்கு என்று ஒதுங்குவதே அவருடைய உபதேசம் எனப் பலர் விளக்குகிறார்கள். அவருடைய வாழ்க்கை அதை மறுக்கிறது. பிரான்சின் துலூஸ் நகரத்தில், கத்தோலிக்க மதத்துக்கு மாறவிருந்த மகனைக் கொன்றார் என்ற குற்றச்சாட்டில், புரட்டஸ்தாந்து வணிகரான ஜான் கலாஸ் 1762 மார்ச் 10ஆம் திகதி சக்கரத்தில் எலும்பு முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். செய்தி எட்டியதும் வோல்டேயர் அதை நம்பி, புரட்டஸ்தாந்தினரின் வெறியைக் கிண்டல் செய்து கடிதம் எழுதினார். ஆனால் அங்கே நின்றுவிடவில்லை. கலாஸின் இளைய மகனை அழைத்து விசாரித்தார். வழக்கின் விவரங்களைத் திரட்டினார். தாம் சிரித்தது பிழை என்று கண்டதும் வழக்கறிஞர்களையும் அமைச்சர்களையும் கடிதங்களால் விடாமல் துரத்தினார். 1763இல் சகிப்புத்தன்மை பற்றித் தனி நூலே எழுதினார். 1765 மார்ச் 9ஆம் திகதி கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தபோது வோல்டேயருக்கு வயது 70. 'கான்டிட்' வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.