இரட்டை சிலிண்டர் ஜான் டீரில் பெல்ட் ஓட்டுவது எப்படி?

பழைய ஜான் டீர் இரட்டை சிலிண்டர் டிராக்டர்களில், நீண்ட பெல்ட் மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை ஓட்டும் பெல்ட் புல்லி (பெல்ட் சுற்றி ஓடும் உருளை) நேரடியாகக் கிராங்க் தண்டிலேயே, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச்சும் அந்தப் புல்லிக்குள்தான். நடுவில் பல்சக்கரம் இல்லாததால் திறன் வீணாவது குறைவு. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கிளட்ச்சைப் போட்டால், அதாவது நெம்புகோலை முன்னே தள்ளிப் பிடிக்கவைத்தால், கியருக்கும் புல்லிக்கும் சேர்ந்தே ஓட்டம் போகும். மற்ற டிராக்டரில் பழகிய கை இங்கேதான் தவறு செய்கிறது.

முதலில் வேகக் கணக்கு. இந்த வகை டிராக்டர்களில் ஒன்றான மாடல் ஏ-யின் முழு ஓட்டம் நிமிடத்துக்கு 975 சுற்று. புல்லியின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, 3.14-ஆலும் சுற்றாலும் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் பெல்ட் நிமிடத்துக்கு எத்தனை அடி ஓடுகிறது என்று வரும். 12¾ அங்குலப் புல்லி என்றால் சுமார் 3,250 அடி. எதிர்ப்புல்லியின், அதாவது இயந்திரத்தில் உள்ள புல்லியின், அளவுக்கு, டிராக்டர் புல்லியின் விட்டத்தைச் சுற்றால் பெருக்கி, இயந்திரத்துக்கு வேண்டிய சுற்றால் வகுக்கவும். கதிரடிக்கும் இயந்திரத்துக்கு 1,100 சுற்று வேண்டுமானால் அதற்கு 11¼ அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலான புல்லி வேண்டும். புல்லி சிறியதாக இருக்கிறதே என்று த்ராட்டிலைக் குறைத்து ஓட்டாதீர்கள், புல்லியையே மாற்றுங்கள்.

காரணம் இந்த எஞ்சினின் வெடிப்பு முறை. ஒரு சிலிண்டர் வெடித்த அரைச் சுற்றில் அடுத்தது வெடிக்கும்; பிறகு ஒன்றரைச் சுற்றுக்கு ஒன்றுமில்லை. அந்தப் புகழ்பெற்ற 'பட்-பட்' சத்தம் இதனால்தான். முழு ஓட்டத்தில் பிளைவீல் எனும் கனமான சுழல்சக்கரம் இதைச் சமன் செய்துவிடும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு வெடிப்பும் பெல்ட்டில் உதறலாகத் தெரியும். 100 அடிக்கு மேற்பட்ட பெல்ட் அலையடித்துக் கழன்று விழுவது பெரும்பாலும் இப்படித்தான். பெல்ட்டைக் குறுக்காகப் போட்டால் புல்லியை அதிகம் சுற்றிப் பிடிக்கும், அலையும் அடங்கும். ஆனால் சுழலும் திசை மாறிவிடும் என்பதால், இயந்திரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

டிராக்டரை இயந்திரத்தைப் பார்த்தபடி நிறுத்தி, இரு புல்லிகளின் முகமும் ஒரே கோட்டில் வருகிறதா என்று கண்ணால் நோட்டம் பாருங்கள். பக்கக் காற்று இருந்தால் காற்று வரும் பக்கமாகச் சற்றே தள்ளி நிறுத்துவது நல்லது. கிளட்ச் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துவைத்து, எஞ்சினையும் நிறுத்திவிட்டு பெல்ட்டை மாட்டவும்.

அடுத்து, பெல்ட் விறைக்கும்வரை டிராக்டரைப் பின்னே எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியரில் கிளட்ச்சைப் போட்டதுமே புல்லியும் சுற்றும், இயந்திரமும் ஓடத் தொடங்கும். ஆகவே அதற்கு முன்பே இயந்திரத்துக்குள் கருவியோ கையோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். த்ராட்டில் அடிமட்டத்தில் இருக்கட்டும். போதுமான இறுக்கம் வந்ததும் நெம்புகோலைப் பின்னே இழுத்து, பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு மாற்றவும். பிரேக்கை விட்டால் பெல்ட் டிராக்டரை முன்னுக்கு இழுத்துவிடும். பின்சக்கரங்களுக்கு முன்னால் கட்டை கொடுத்த பிறகே காலை எடுங்கள்.

ஓட்டத் தொடங்கும்போது குறைந்த வேகத்தில் நெம்புகோலை மெல்ல முன்னே தள்ளி, லோடு அசைந்து ஓட ஆரம்பித்ததும் 'டக்' என்று விழும்படி முழுதாகத் தள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் த்ராட்டில். பாதியில் பிடித்துக்கொண்டிருந்தால் கிளட்ச் தட்டு கருகும். 'டக்' என்று விழாமல் நெம்புகோல் தளர்வாகப் போனால், எஞ்சினை நிறுத்தி, புல்லியின் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள நட்டுகளை ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் ஒரே அளவு இறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் தட்டு சாய்ந்து பிடிக்கும்.

நிறுத்துவதிலும் கவனம் தேவை. நெம்புகோலை முழுக்கப் பின்னே இழுத்தால் புல்லி பிரேக் பிடிக்கும். முழு வேகத்தில் சுற்றும் கதிரடிக்கும் இயந்திரத்தை அந்தச் சிறு பிரேக்கால் நிறுத்த முயன்றால் பெல்ட் பறக்கும். த்ராட்டிலைக் குறைத்து, நெம்புகோலை நடுவில் விட்டு, லோடு தானாக அடங்கட்டும்.

லோடு விசிறியாக இருந்தால் வேகத்தில் இன்னும் கவனம்: விசிறிக்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். பத்து சதவீதம் வேகம் கூட்டினால் லோடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எஞ்சினின் திறனை அளக்க பிரோனி பிரேக் என்ற கருவி உண்டு; அது பெல்ட்டில் சுழலும் டிரம்மை உராய்வால் பிடிக்க, அதன் கை தராசை அழுத்தும். அந்தக் கை 5 அடி 3 அங்குலமாக இருந்தால், தராசில் காட்டும் பவுண்டை டிரம்மின் சுற்றால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 40 பவுண்டு, 600 சுற்று என்றால் 24. 1934-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக டிராக்டர் சோதனையில் மாடல் ஏ பெல்ட்டில் காட்டியது ஏறத்தாழ இவ்வளவுதான். அதற்கு மேல் பிழியப் பார்க்காதீர்கள். உராய்வில் சூடாகும் டிரம்மைக் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கவே கூடாது.

மண்ணெண்ணெய் அல்லது டிஸ்டிலேட்டில் (மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருள்) ஓட்டுபவர்கள், பெட்ரோலில் நன்றாகச் சூடேற்றி, ரேடியேட்டர் ஷட்டரை மூடிவைத்துச் சூட்டைக் காத்த பிறகே எரிபொருளை மாற்ற வேண்டும். பழைய டிராக்டர் கண்காட்சிகளில் லோடு குறைவு, நிறுத்தம் அதிகம். எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும். ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே வடித்து மாற்றுங்கள்.

பெல்ட்டின் இருபுறமும், இரு முனைகளுக்கு நேராகவும் கயிறு கட்டி ஆட்களை விலக்கி நிறுத்துங்கள். ஓடும் பெல்ட்டின் கீழே குனிந்து போக யாரையும் விடாதீர்கள், உங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான்.