மிளகாய் இலை மஞ்சளானால் முதலில் செய்யக்கூடாதவை

கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுத் தம்பி போன வாரம் போனை நீட்டினார். மிளகாய்க் கன்றின் படம், கீழ் இலைகள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள். "அண்ணா, இது என்ன குறைபாடு?" நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நேற்றே யூரியா போட்டுவிட்டேன்." எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏனென்றால் அதே வேலையை, அதே மொட்டை மாடியில், நானும் செய்திருக்கிறேன்.

வெயில் படாத மூலையில் வைப்பது, தண்ணீர் ஊற்ற மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

மஞ்சள் என்றால் பசி என்று நினைப்பது

நான் 14 மிளகாய்க் கன்றுகள் வைத்திருந்தேன். எல்லாம் பழைய பெயின்ற் வாளிகளில், அடியில் இரண்டே துளை, வாளிக்குக் கீழே தட்டு. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் கீழ் இலைகள் வெளிறின. கடைக்காரரிடம் சொன்னேன், ஒரு பை யூரியாவைக் கையில் தந்தார். மண் ஈரமா, தண்ணீர் வடிகிறதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வாளிக்கு ஒரு தேக்கரண்டி. ஐந்து நாளில் இலை ஓரங்கள் கருகின. போதவில்லை போலும் என்று இன்னொரு தேக்கரண்டி போட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

கடைசியில் ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக, அவித்த நூடில்ஸ் மாதிரி. விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தது, நடுவில் நூல் மட்டும் மிச்சம். சாக்கடை நாற்றம் வேறு. பதினான்கில் மூன்று தப்பின.

நடந்தது இதுதான். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளிகளை எல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் ஒட்சிசன் இல்லை, வேர் வேலை செய்யாது, மண்ணில் நைதரசன் இருந்தாலும் எடுக்க முடியாது. உடனே செடி பழைய இலையில் இருப்பதைப் புது இலைக்கு மாற்றும், கீழ் இலை மஞ்சளாகும். பார்வைக்கு அசல் நைதரசன் பற்றாக்குறை! யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஏற்கெனவே அழுகும் வேரின் மேல் அதைக் கொட்டினால், மிஞ்சியிருக்கும் வேர் நுனியும் கருகும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. மண் ஈரமாக இருந்தும் இலை வாடித் தொங்கினால் அது பசியல்ல, பெரும்பாலும் மூச்சுத்திணறல். வாளியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றி நான்கு நாளாகியும் கல்லாகக் கனத்தால் தண்ணீர் வடியவில்லை. தட்டை எடுத்துவிடுங்கள் (டெங்குச் சோதனைக்கு வருபவர்களிடமிருந்தும் தப்பலாம்), வாளியைச் செங்கல் மேல் ஏற்றுங்கள், பக்கவாட்டில் அடியோரமாக நாலைந்து துளை போடுங்கள். பிறகு பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதுதான் கஷ்டம்.

2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் நீங்கியது. அதற்குப் பிறகு பலருக்கு யூரியா என்றால் தங்கத்தூள். தம்பியும் ஊரிலிருந்து மாமா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைத்தான் போட்டிருந்தார். கிடைத்தற்கரியது என்பதால் மருந்தாகிவிடாது, தம்பி.

எந்த இலை என்று பார்க்காமல் பெயர் வைப்பது

கீழே இருக்கும் பழைய இலையா, நுனியில் வரும் குருத்தா? முதல் கேள்வி இது. நைதரசன், மக்னீசியம், பொற்றாசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை, அதனால் பற்றாக்குறை பழைய இலையில் தெரியும். முழு இலையும் வெளிறினால் நைதரசன், நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மஞ்சளானால் மக்னீசியம், ஓரம் கருகினால் பொற்றாசியம் என்று சந்தேகிக்கலாம். இரும்பு அப்படி நகராது. குருத்து வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அன்ரியின் கறிவேப்பிலை இப்படித்தான் நின்றது. யாரோ சொன்னார்கள் என்று சாடியைச் சுற்றித் துருப்பிடித்த ஆணிகள் குத்தியிருந்தார். மண் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். வீடு திருத்திய இடத்திலாம். சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த மண் காரமாகிவிடும். அதில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்கும் வடிவில் இராது, துருவும் கரையாது. ஆணிகளைப் பிடுங்கி, மண்ணை மாற்றச் சொன்னேன். மண்ணை மாற்றினார். ஆணிகளில் இரண்டை மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பக் குத்திவிட்டார்.

தும்புச்சோற்றைக் கழுவாமல் நிரப்புவது

தும்புச்சோறு என்பது தேங்காய் மட்டைத் தூள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் எப்சம் உப்பு

அது மக்னீசியம் சல்பேற்று. மக்னீசியம் குறைந்தால் மட்டும் போடுங்கள்.

இலையைத் திருப்பிப் பார்க்காதது

வெளிறிய ஊசிப் புள்ளிகள் என்றால் சிலந்திப் பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நடக்க ஆரம்பிக்கும். குருத்து சுருண்டால் பனிப்பூச்சி (இலைப்பேன்), வெண்ஈ இரண்டையும் தேடுங்கள். பசளைப் பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

பழுத்த இலை பச்சையாகும் என்று காத்திருப்பது

பெரும்பாலும் ஆகாது. புதிதாக வரும் இலையைப் பாருங்கள்.

தம்பியின் கன்றுகளில் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேரில் பாதி இன்னும் வெள்ளை. மேலே கிடந்த யூரியாக் குருணைகளைக் கரண்டியால் வழித்து எடுத்தோம், துளைகளைப் பெரிதாக்கிவிட்டு நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி வடியவிட்டோம். இன்றைக்கு ஆறாம் நாள். காலையிலேயே கதவைத் தட்டிக் கேட்டுவிட்டார், கொஞ்சம் கோழி எருவாவது போடட்டுமா என்று.