தெருவுக்கு ஓர் உறைகிணறு: மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் முறை

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. புறநகர்த் தெருக்களில் அது சாக்கடைக்குப் போய்விட, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம்.

அதை மண்ணுக்குள் இறக்கத் தெருவோரம் உறைகிணறு போடலாம்; சிமென்ட் வளையங்களை (உறைகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு அது. முதலில் மண்ணைப் பாருங்கள். திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் ஆழம் குறைவான குழியே போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். அதைத் தாண்டி மணற்படுகை தட்டும்வரை தோண்டாவிட்டால் கிணறு வெறும் தொட்டிதான்.

15 அடி ஆழக் கிணறு என்றால், 3 அடி விட்டம், 1 அடி உயர சிமென்ட் உறைகள் 15 வாங்குங்கள். கீழ் உறைகளில் துளை இருக்கட்டும். இடையே சிமென்ட் பூச வேண்டாம். ஆள் இறங்கித் தோண்டுகையில் மண் சரியும், ஆகவே உறையை இறக்கிக்கொண்டே தோண்டுபவரைத்தான் பிடிக்க வேண்டும். மேலே கனமான மூடி கட்டாயம், குழந்தைகள் நடமாடும் இடம்.

பெரும்பாலான கிணறுகள் கெடுவது வண்டலால். கிணற்றுக்கு முன் 2 அடி சதுரத்தில் வண்டல் தொட்டி கட்டி, அதன் மேல்மட்டத்திலிருந்து குழாய் எடுங்கள். புரட்டாசியிலேயே தூர்வாருங்கள், ஐப்பசியில் நேரம் இருக்காது. முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். செப்டிக் டேங்க் பக்கத்தில் தோண்டவே கூடாது.

சாலையோரம் தோண்ட உள்ளாட்சி அனுமதி வேண்டும். ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிந்துகொண்டால் மனுவுக்கு மதிப்பு கூடும். சாலை போட வந்தால், பழையதைச் சுரண்டிய பிறகே போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாலை உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகும்.